சைக்கிள் கேப்: ‘ரிம் மாத்தணும்பா!’ - பிள்ளை கேட்டால் என்ன சொல்வீர்கள்?

திண்டுக்கல் பக்கம் மண் பாதையில் சைக்கிள் ஓட்டுகிறவர்களுக்கு மேடு பெரிய பிரச்னை இல்லை. முடியவில்லை என்றால் இறங்கித் தள்ளிக்கொண்டு போய்விடலாம். வெயிலும் பிரச்னை இல்லை. விடியற்காலை கிளம்பி எட்டு மணிக்குள் வீடு திரும்பிவிடலாம். முள்தான் பிரச்னை! கண்மாய்க் கரையில் சீமைக்கருவேலம், வண்டித்தடத்தில் தரையோடு தரையாக நெருஞ்சி. இரண்டும் சேர்ந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையை பஞ்சர் ஒட்டுவதிலேயே முடித்துவிடும்.

ஆனாலும் கியர் சைக்கிள் வாங்கியவர்கள் சும்மா இருப்பதில்லை. தார் ரோடு அலுத்ததும் செம்மண் பாதைக்கு இறங்கிவிடுகிறார்கள். அப்புறம் யூடியூப் பார்க்கிறார்கள். நாலு வீடியோ பார்த்த பிறகு வீட்டில் ஒரு குரல் கேட்கும். “ரிம் மாத்தணும்பா. கார்பன் போட்டா சைக்கிள் பறக்குமாம்!”

பிள்ளை கேட்டால் அப்பா, அம்மா என்ன சொல்வது? வேலைக்குப் போய் முதல் சம்பளத்தில் சைக்கிளை மெருகேற்ற நினைக்கும் தம்பி, தங்கைகள் எதை வாங்குவது? இந்த வாரம் அதைத்தான் பார்க்கப்போகிறோம். இதில் காசு மட்டும் சம்பந்தப்பட்டிருக்கவில்லை. டயரைப் பிடித்திருப்பது ரிம். உங்கள் எடையைத் தாங்குவது ரிம். பல சைக்கிள்களில் பிரேக் கட்டை அழுத்துவதும் அந்த ரிம்மைத்தான். தப்பாக வாங்கினால் நஷ்டம் பர்ஸோடு நிற்காது.

கிராஸ் கன்ட்ரி என்றால் என்ன?

மவுன்டன் பைக்கிங்கில் பல வகை உண்டு. மலை மேலிருந்து கீழே பாய்வது டவுன்ஹில். ஏற்றம், இறக்கம், சமதளம், கல், மணல் எல்லாம் கலந்த பாதையில் மூச்சு வாங்க மிதிப்பது கிராஸ் கன்ட்ரி. சுருக்கமாக எக்ஸ்.சி. 1970-களில் அமெரிக்காவின் கலிபோர்னியாவில், மரின் கவுன்ட்டி மலைப் பாதைகளில் பழைய கனமான சைக்கிள்களை ஓட்டி விளையாடிய இளைஞர்களிடமிருந்து வளர்ந்த விளையாட்டு இது. 1996 அட்லான்டா ஒலிம்பிக்கில் கிராஸ் கன்ட்ரி இடம்பிடித்தது. 2023 அக்டோபரில் ஆசிய மவுன்டன் பைக் சாம்பியன்ஷிப் நமக்குப் பக்கத்திலேயே, கேரளாவின் பொன்முடியில் நடந்தது.

பந்தய வீரர் ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம் உயிரைக் கொடுத்து ஓட்டுவார். சக்கரம் கெட்டுப்போனால் மாற்றிக்கொடுக்க, அதற்கென ஒதுக்கிய இடத்தில் அவருடைய மெக்கானிக் காத்திருப்பார். நமக்கு நத்தம் போகிற வழியில் ஒரு பனைமரத்தடியில் சக்கரம் மடங்கினால் யார் காத்திருப்பார்கள்? ஒலிம்பிக் வீரர் போடுகிற ரிம் நமக்கும் சரிப்படுமா என்று யோசிக்கும்போது இந்த வித்தியாசத்தை மறக்கக் கூடாது.

இன்னொன்று, நம்ம ஊர் எக்ஸ்.சி. பாதை காட்டுக்குள் இல்லை. சிறுமலையில் காப்புக்காடு இருக்கிறது. அய்யலூர்ப் பக்கத்துக் காடுகள் 2022-ல் அறிவிக்கப்பட்ட கடவூர் தேவாங்கு சரணாலயத்தில் வருகின்றன. வனத்துறை அனுமதி இல்லாமல் அங்கெல்லாம் சைக்கிளை உள்ளே விடக் கூடாது. நமக்கு இருப்பது குளத்துக்கரை, கண்மாய்க் கரை, தோட்டங்களுக்கு நடுவே போகும் வண்டித்தடம், சரளை போட்ட கிராமத்து இணைப்புப் பாதை, இடையிடையே ஓடை மணல். இதற்கு ஏற்ற ரிம்மைத்தான் நாம் தேடுகிறோம்.

முதல் கேள்வி: மாத்தியே ஆகணுமா?

பாதிப் பேருக்கு இங்கேயே காசு மிச்சமாகும். சக்கரம் ஆடுகிறது என்றால் ரிம் போய்விட்டது என்று அர்த்தம் இல்லை. ஸ்போக்ஸ் கம்பிகள் தளர்ந்திருக்கலாம். சைக்கிள் கடையில் கோட்டம் எடுத்தால் சரியாகிவிடும். சைக்கிள் கனமாக ஓடுகிறது என்றாலும் முதலில் பார்க்கவேண்டியது டயரையும் காற்றையும்தான்.

இந்த நான்கில் ஒன்று இருந்தால் மட்டும் ரிம் மாற்றுவதைப் பற்றி யோசியுங்கள்:

1. கம்பி ஓட்டையைச் சுற்றியோ, டயர் உட்காரும் விளிம்பிலோ விரிசல் விட்டிருந்தால். இதற்கு வைத்தியமே கிடையாது. உடனே மாற்றவேண்டும்.

2. கல்லில் மோதி விளிம்பு உள்வாங்கி, கோட்டம் எடுத்தும் நேராகவில்லை என்றால்.

3. பிரேக் கட்டை உரசி உரசிப் பக்கச் சுவர் தேய்ந்து குழிந்திருந்தால்.

4. அகலமான டயரோ, டியூப்லெஸ்ஸோ போட ஆசைப்பட்டு, இப்போதைய ரிம் அதற்கு இடம் கொடுக்கவில்லை என்றால்.

முதல் மூன்றும் கட்டாயம். நான்காவது ஆசை. ஆசையில் தப்பில்லை. ஆனால் கட்டாயத்தை ஒத்திப்போட்டுவிட்டு ஆசையை முன்னால் வைக்கக் கூடாது.

26 என்றால் 26 இல்லை!

ரிம் வாங்கப் போகிறவர்கள் அதிகம் ஏமாறும் இடம் அளவுதான். “26 இன்ச் ரிம் குடுங்க” என்று கேட்டு வாங்கி வந்து, வீட்டில் இருக்கும் 26 இன்ச் டயரை மாட்டினால் ஏறாது. கடைக்காரர் மேல் தப்பில்லை. இன்ச் கணக்கு டயரின் வெளி விட்டத்தைத் தோராயமாகச் சொல்வது. ரிம்முக்கு முக்கியம், டயர் உட்காரும் இடத்தின் விட்டம். அது மில்லிமீட்டரில் இருக்கும்.

மவுன்டன் பைக் 26 இன்ச் என்றால் 559 மி.மீ. 27.5 இன்ச் என்றால் 584. 29 இன்ச் என்றால் 622. ஆனால் 26 x 1 3/8 என்று எழுதிய சாதா சைக்கிள் டயரின் அளவு 590. பேர் 26தான், வித்தியாசம் 31 மி.மீ! தாத்தா ஓட்டிய 28 x 1½ பெரிய சைக்கிள் ரிம் 635. ஹைபிரிட் சைக்கிள்களில் பார்க்கும் 700சி-யும், மவுன்டன் பைக்கின் 29 இன்ச்சும் ஒரே 622தான். அகலத்தில்தான் வேறுபடும்.

டயரின் பக்கவாட்டில் ‘57-622’ என்பதுபோல ஓர் எண் அச்சாகியிருக்கும். முதல் எண் டயரின் அகலம், இரண்டாவது எண் விட்டம். அதைப் போனில் படம் எடுத்துக்கொண்டு கடைக்குப் போங்கள். ரிம்மிலும் ‘622x25’ என்று இருக்கும். அதில் 25 என்பது உள் அகலம். 622-ம் 622-ம் பொருந்தினால்தான் ஜோடி.

“26-லிருந்து 29-க்கு மாறலாமா?” என்று பலருக்கும் ஆசை. பெரிய சக்கரம் கல்லையும் குழியையும் சுலபமாக உருண்டு தாண்டும் என்பது உண்மை. 2012 லண்டன் ஒலிம்பிக் ஆண்கள் கிராஸ் கன்ட்ரியில் தங்கம் வென்ற செக் வீரர் யாரோஸ்லாவ் குல்ஹாவி ஓட்டியது 29 இன்ச். கடைசி வரை போட்டி கொடுத்து வெள்ளி வென்ற சுவிஸ் வீரர் நினோ ஷுர்ட்டர் ஓட்டியது 27.5 இன்ச். அதே ஷுர்ட்டர் 2016 ரியோவில் தங்கம் வென்றபோது 29-க்கு மாறியிருந்தார். ஆனால் 26-க்காகச் செய்த ஃபிரேமில் 29 இன்ச் சக்கரத்துக்கு இடம் இருக்காது. டயர் ஃபோர்க்கில் உரசும். ரிம் பிரேக் கட்டையும் சரியான இடத்தில் படாது. பெரிய சக்கரம் வேண்டுமென்றால் அது சைக்கிளையே மாற்றும் வேலை. ஃபிரேம் எந்த அளவோ அந்த அளவிலேயே நல்ல ரிம்மைத் தேடுங்கள்.

சிறுமலை இறக்கத்தில் உங்கள் பிரேக் எங்கே பிடிக்கிறது?

பெற்றோர் கவனமாகப் படிக்கவேண்டிய பகுதி இது. மவுன்டன் பைக்கில் இரண்டு வகை பிரேக் உண்டு. ரப்பர் கட்டை ரிம்மின் பக்கச் சுவரைக் கவ்வும் வி-பிரேக் ஒன்று. சக்கரத்தின் நடுவில் இருக்கும் தகட்டைக் கவ்வும் டிஸ்க் பிரேக் இன்னொன்று.

வி-பிரேக்குக்கான ரிம்மில் பக்கச் சுவர் தட்டையாக, பளபளவென்று கடைந்த பரப்பாக இருக்கும். டிஸ்க்குக்கான ரிம்மில் அந்தப் பரப்பு இருக்காது. சுவர் வளைந்தோ, மெல்லியதாகவோ, பெயின்ட் அடித்தோ இருக்கும். வி-பிரேக் ரிம்மை டிஸ்க் சைக்கிளில் போட்டால் ஓடும். டிஸ்க் ரிம்மை வி-பிரேக் சைக்கிளில் போடவே கூடாது. பார்க்க அழகாக இருக்கிறதே என்று வாங்கிவிடாதீர்கள். பிரேக் பிடிக்காது, ரிம்மும் தாங்காது.

திண்டுக்கல்லிலிருந்து சிறுமலைக்குப் போகும் தார் ரோட்டில் 18 கொண்டை ஊசி வளைவுகள். ஏறுகிறவர்களுக்குத் தொடை வலிக்கும் என்பது தெரியும். இறங்கும்போது ரிம்முக்கு என்ன நடக்கிறது என்பது பலருக்குத் தெரியாது. ஆளும் சைக்கிளும் சேர்ந்து 85 கிலோ என்று வைத்துக்கொள்வோம். 100 மீட்டர் உயரம் இறங்கும்போது வேகம் கூடாமல் பிரேக் பிடித்துக்கொண்டே வந்தால், அந்த ஆற்றல் பெரும்பாலும் சூடாக மாறும். ஒரு லிட்டர் தண்ணீரை 20 டிகிரி சூடாக்கப் போதுமான ஆற்றல் அது. அதையே ஒரு கிலோ அலுமினியத்தில் கொட்டினால் சுமார் 90 டிகிரி ஏறும். காற்று பாதியில் குளிர்வித்துவிடும் என்பதால் அவ்வளவு ஏறாது. ஆனால் பிரேக்கை விடாமல் அழுத்திக்கொண்டே வந்தால் ரிம்மைத் தொட முடியாத அளவுக்குச் சூடாகும். உள்ளே இருக்கும் டியூப் வெடித்ததும் உண்டு, வளைவில்! டிஸ்க் பிரேக்கில் இந்தச் சூடு தகட்டோடு போய்விடும். ரிம் குளிர்ந்தே இருக்கும்.

வி-பிரேக் சைக்கிள்தான் இருக்கிறது என்றால் பயப்படவேண்டாம். வளைவுக்கு முன்னால் நன்றாகப் பிடித்து, நேரில் விட்டு, மறுபடி பிடித்து இறங்குங்கள். நடுவில் நின்று ரிம்மை ஆறவிடுங்கள். மாதம் ஒருமுறை ரிம்மின் பக்கச் சுவரைப் பாருங்கள். பல ரிம்களில் தேய்மானம் காட்டும் கோடோ, சின்னக் குழியோ இருக்கும். அது மறைந்துவிட்டால் ரிம்மின் ஆயுசு முடிந்தது. கோடு இல்லாத ரிம் என்றால் ஸ்கேலை நிறுத்திப் பாருங்கள். நடுவில் இடைவெளி தெரிந்தால் சுவர் குழிந்திருக்கிறது. நம்ம செம்மண்ணில் இருக்கும் பொடி மணல், பிரேக் கட்டையில் ஒட்டிக்கொண்டு உப்புத்தாள் மாதிரி ரிம்மைத் தேய்க்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் இன்னும் வேகமாக. மழையில் ஓட்டிவிட்டு வந்தால் கட்டையையும் ரிம்மையும் துடைத்துவிடுங்கள்.

“தம்பி, எத்தனை ஓட்டை?”

கடையில் ரிம் கேட்டதும் அண்ணன் திருப்பிக் கேட்கும் முதல் கேள்வி இதுவாகத்தான் இருக்கும். ரிம்மில் எத்தனை கம்பி ஓட்டை இருக்கிறதோ, ஹப்பிலும் அத்தனை இருக்கவேண்டும். நம்ம ஊர் மவுன்டன் பைக்குகளில் பெரும்பாலும் 36 அல்லது 32. எடை குறைந்த பந்தயச் சக்கரங்களில் 28-ம் அதற்குக் கீழும் வரும்.

மாட்டு வண்டிச் சக்கரத்தில் பாரம் கீழே இருக்கும் ஆரக்கால் மேல் நிற்கிறது. சைக்கிள் சக்கரத்தின் கதை வேறு. மெல்லிய கம்பிகள் எல்லாப் பக்கமும் இழுத்துப் பிடிப்பதால்தான் அது நிற்கிறது. நன்றாகக் கட்டிய சக்கரத்தில் ஒவ்வொரு கம்பியும் சுமார் 100 கிலோ அளவுக்கு ரிம்மை உள்நோக்கி இழுக்கும். 32 கம்பிகளின் இழுவையைக் கூட்டினால் 3,000 கிலோ வந்துவிடும். கம்பி குறையக் குறைய ஒவ்வொன்றின் மேலும் சுமை கூடும். 28 கம்பிச் சக்கரத்தில் ஒன்று அறுந்தால் சக்கரம் உடனே கோணி ஃபிரேமில் உரசலாம். 36-ல் ஒன்று அறுந்தால், மெதுவாக ஓட்டி வீடு வந்து சேர வாய்ப்பு அதிகம்.

பந்தயம் ஓட்டாதவர்களுக்கு 32 போதும். 80 கிலோவுக்கு மேல் எடை இருப்பவர்களும், பின்னால் பை கட்டிக்கொண்டு போகிறவர்களும் பின் சக்கரத்துக்கு 36 போடுவது நிம்மதி.

ரிம் மாறினால் கம்பியின் நீளமும் மாறலாம். ரிம்மின் உயரம், கம்பி முனையைப் பிடிக்கும் நிப்பிள் உட்காரும் இடம் எல்லாம் பிராண்டுக்குப் பிராண்டு வேறு. பழைய கம்பியையே இழுத்துக் கட்டினால், நீளம் கூடிய கம்பி ரிம்முக்கு மேல் நீட்டிக்கொண்டு டியூபைக் குத்தும். குறைந்த கம்பி நிப்பிளில் முழுசாக ஏறாமல் உருவிக்கொள்ளும். புது ரிம் என்றால் அளந்து புதுக் கம்பி. இதில் கஞ்சத்தனம் வேண்டாம்.

அகலம் எவ்வளவு?

இருபது வருஷத்துக்கு முன் கிராஸ் கன்ட்ரி ரிம்களின் உள் அகலம் 17, 19 மி.மீ. என்று இருந்தது. ஒல்லி ரிம், குறைந்த எடை, அதிகக் காற்று என்பதுதான் அப்போதைய கணக்கு. இப்போது 25 முதல் 30 மி.மீ. வரை வந்துவிட்டது. காரணம் இருக்கிறது. ஒல்லி ரிம்மில் அகல டயர் போட்டால் பல்பு மாதிரி மேலே உப்பிக்கொண்டு நிற்கும். திருப்பத்தில் இடுப்பை ஆட்டும். அதைத் தடுக்கக் காற்றைக் கூட்டினால், சரளையில் சைக்கிள் குதிக்கும். அகல ரிம்மில் டயர் காலை விரித்து உட்காரும். காற்றைக் கொஞ்சம் குறைத்தாலும் ஆடாது. குறைந்த காற்றில் டயர் கல்லை அணைத்துக்கொண்டு போகும். மணலிலும் புதையாது.

அதற்காக அகலம் கூடக் கூட நல்லது என்று நினைக்க வேண்டாம். ரொம்ப அகலமானால் டயர் தட்டையாகி, அதன் மெல்லிய பக்கச் சுவர் வெளியே தெரியும். முள் இருக்கும் ஊரில் டயரின் பக்கச் சுவர்தான் பலவீனமான இடம். அங்கே கிழிந்தால் ஒட்டுவது கஷ்டம்.

நம்ம தேவைக்கு 2.1 முதல் 2.25 இன்ச் டயருக்கு உள் அகலம் 23 முதல் 25 மி.மீ. பொருத்தம். 2.35, 2.4 இன்ச் என்றால் 27 முதல் 30. பெரிய டயர் வாங்கும்முன் ஃபிரேமுக்கும் டயருக்கும் நடுவே விரல் நுழையும் இடம் இருக்கிறதா பாருங்கள். ஈரச் செம்மண் அப்பிக்கொள்ளவும் இடம் வேண்டும்.

முள்ளுக்கு மருந்து: டியூப்லெஸ்

ரிம்முக்காகச் செலவு செய்யலாம் என்றால், அதற்கு முதல் காரணம் இதுதான். மோட்டார் சைக்கிளில் டியூப்லெஸ் நமக்குப் புதிதில்லை. அலாய் வீலில் கம்பி ஓட்டை கிடையாது என்பதால் அங்கே வேலை சுலபம். சைக்கிள் ரிம்மில் 32 ஓட்டை இருக்கிறதே, காற்று நிற்குமா? நிற்கும். ரிம்மின் உள்பக்கம் ஒட்டும் பிரத்யேக டேப் ஓட்டைகளை அடைத்துவிடும். தனி வால்வு பொருத்துவார்கள். உள்ளே சீலன்ட் என்ற பால் போன்ற திரவத்தை ஊற்றுவார்கள். முள் குத்தினால் காற்றோடு சேர்ந்து அந்தத் திரவம் துளைக்குள் ஓடி உறைந்து அடைத்துக்கொள்ளும். மவுன்டன் பைக்குக்கான டியூப்லெஸ் முறையை 1999-ல் மேவிக், மிஷ்லின், ஹட்சின்சன் கம்பெனிகள் சேர்ந்து அறிமுகப்படுத்தின. இன்றைக்கு கிராஸ் கன்ட்ரி பந்தயங்களில் இதுதான் வழக்கம்.

டியூபோடு ஓட்டினால் இன்னொரு தொல்லையும் உண்டு. காற்றைக் குறைத்துக் கல்லில் ஏற்றினால், டியூப் கல்லுக்கும் ரிம்முக்கும் நடுவில் நசுங்கி இரண்டு துளை விழும். பாம்பு கடித்த மாதிரி இருப்பதால் அதற்கு ‘ஸ்னேக் பைட்’ என்றே பெயர். டியூப்லெஸ்ஸில் நசுங்குவதற்கு டியூபே இல்லை. 65, 70 கிலோ எடை உள்ளவர் 2.25 இன்ச் டயரில் டியூபோடு 30 முதல் 35 பி.எஸ்.ஐ. வைத்தால், டியூப்லெஸ்ஸில் 22 முதல் 26 போதும்.

ஆனால் எல்லா ரிம்மும் இதற்கு ஆகாது. ‘டியூப்லெஸ் ரெடி’ என்று எழுதியிருக்கும் ரிம்மில் டயரின் விளிம்பு உட்கார மேடையும், அது நழுவாமல் இருக்கச் சின்ன வரப்பும் இருக்கும். சாதா ரிம்மில் டேப் ஒட்டி டியூப்லெஸ் செய்தால், திருப்பத்தில் டயர் ஒரு கணம் விலகிக் காற்று புஸ்ஸென்று போய்விடலாம். டயரும் டியூப்லெஸ் ரெடியாக இருக்கவேண்டும்.

பராமரிப்பும் உண்டு. நம்ம வெயிலில் சீலன்ட் சீக்கிரம் காயும். இரண்டு, மூன்று மாதத்துக்கு ஒருமுறை பார்த்து ஊற்றவேண்டும். பயணத்தில் முள் குத்தியது தெரிந்தால், அதை எடுத்துவிட்டு, துளை கீழே வரும்படி சக்கரத்தைத் திருப்பி ஒரு நிமிடம் நிறுத்துங்கள். திரவம் அங்கே தேங்கி அடைத்துவிடும். டயர் கிழிந்தே போனால் என்ன செய்வது? ஒரு டியூப் எப்போதும் பையில் இருக்கட்டும். டியூப்லெஸ் ரிம்மிலும் டியூப் போட்டு வீடு வந்துவிடலாம். போடும்முன் டயருக்குள் ஒடிந்து நிற்கும் முள்களைப் பிடுங்க மறக்காதீர்கள்.

இரும்பா, அலாயா, கார்பனா?

சாதா சைக்கிளில் வரும் இரும்பு ரிம் உழைக்கும். ஆனால் கனம். மழையில் ரிம் பிரேக் வழுக்கும். எக்ஸ்.சி.க்கு ஆகாது.

அலாய் என்பது அலுமினியக் கலவை. இதில் ஒற்றைச் சுவர், இரட்டைச் சுவர் என்று இரண்டு. இரட்டைச் சுவர் ரிம்மைக் குறுக்கே வெட்டினால் பெட்டி மாதிரி இருக்கும். அதனால் முறுக்கைத் தாங்கும். கடையில் கண்டுபிடிப்பது சுலபம். டயர் உட்காரும் பக்கத்திலிருந்து கம்பி ஓட்டையைப் பாருங்கள். மேலே பெரிய ஓட்டை, அதற்குள் ஆழத்தில் சின்ன ஓட்டை என்று இரண்டு அடுக்கு தெரிந்தால் இரட்டைச் சுவர். மண் பாதைக்கு இது கட்டாயம்.

கார்பன் எடை குறைவு, விறைப்பு அதிகம். நல்ல கம்பெனியின் கார்பன் சக்கர ஜோடி ஒரு புது ஸ்கூட்டர் விலையைத் தொடும். அதற்கு என்ன கிடைக்கும்? நல்ல அலாய் ரிம்மைவிட ஒரு ரிம்முக்குச் சுமார் 100 கிராம் குறையும் என்று வைத்துக்கொள்வோம். சுற்றும் எடை என்பதால் வேகம் எடுக்கும்போது அதன் பலன் கிட்டத்தட்ட இரட்டிப்பு. இரண்டு ரிம்முக்கும் சேர்த்து 400 கிராம் குறைத்ததற்குச் சமம். நொடிக் கணக்கில் பதக்கம் போகும் பந்தயத்தில் அது பெரிது. பாட்டிலில் அரை லிட்டர் தண்ணீர் குறைவாகக் கொண்டுபோனாலே அந்த எடை போய்விடும் (திண்டுக்கல் வெயிலில் அதைச் செய்துவிடாதீர்கள்!). பிரியாணிக் கணக்கை நான் சொல்லப்போவதில்லை.

இதைவிட முக்கியமான வித்தியாசம், அடிபட்டால் என்ன ஆகும் என்பது. அலாய் ரிம் கல்லில் மோதினால் நெளியும். சின்ன நெளிசல் என்றால் கடையில் நிமிர்த்தி, கோட்டம் எடுத்து, கொஞ்ச காலம் ஓட்டலாம். கார்பன் நெளியாது, விரிசல் விடும். விரிசல் விட்ட கார்பன் ரிம்மைத் தெருமுனைக் கடையில் யாரும் சரிசெய்ய முடியாது. அதோடு ஓட்டவும் கூடாது. ஏதாவது ஒன்று என்றால் எங்கே, யாரிடம் கொண்டுபோவீர்கள் என்பதற்குப் பதில் இருந்தால் மட்டும் கார்பன் பக்கம் போங்கள்.

கடையிலும், கட்டிய பிறகும்

புது ரிம்மைக் கண்ணாடி மேஜை மாதிரி சமமான இடத்தில் படுக்க வையுங்கள். எங்கேயும் தூக்கக் கூடாது. வால்வு ஓட்டைக்கு நேர் எதிரே ரிம்மின் இணைப்பு இருக்கும். அங்கே மெல்லிய கோடு தெரிவது குறை இல்லை. ஆனால் விரலால் தடவினால் படி மாதிரி தட்டக் கூடாது. முக்கியமாக வி-பிரேக் ரிம்மில் தட்டினால் ஒவ்வொரு சுற்றுக்கும் பிரேக் இடிக்கும்.

சக்கரம் கட்டி வந்ததும் ஒவ்வொரு கம்பியாக விரலால் மீட்டிப் பாருங்கள். ஒரே பக்கத்துக் கம்பிகள் ஏறக்குறைய ஒரே சுருதியில் ஒலிக்கவேண்டும். ஒன்று மட்டும் தொளதொளவென்று ஒலித்தால் அது தளர்ந்திருக்கிறது. முதல் 50, 100 கிலோமீட்டரில் புதுக் கம்பிகள் கொஞ்சம் தளரும். அதனால் ஒருமுறை திரும்பக் கொண்டுபோய்க் கோட்டம் எடுத்துக்கொள்ளுங்கள். இதைச் செய்யாமல் விட்டுவிட்டு, “ரிம் சரியில்லை” என்று சொல்கிறவர்கள்தான் அதிகம்.

ஆக, யார் எதை வாங்கலாம்?

பள்ளிக்கும் டியூஷனுக்கும் போய், லீவு நாளில் மண் பாதையில் ஓட்டும் மாணவருக்கு: இருக்கும் ரிம்மில் கோட்டம் எடுத்து, நல்ல டயர் போடுங்கள். ரிம் கெட்டிருந்தால் அதே அளவு, அதே ஓட்டையில் இரட்டைச் சுவர் அலாய். வி-பிரேக் என்றால் தட்டைச் சுவர் இருப்பதை உறுதிசெய்யுங்கள்.

வாரா வாரம் ஆத்தூர், தாடிக்கொம்பு, சாணார்பட்டிப் பக்கம் 30, 40 கிலோமீட்டர் மண்ணில் சுற்றுகிறவருக்கு: டியூப்லெஸ் ரெடி, இரட்டைச் சுவர் அலாய், 32 ஓட்டை, உள் அகலம் 25 மி.மீ. முள் தொல்லை குறைந்தாலே வாரம் இன்னும் பத்து கிலோமீட்டர் கூட ஓட்டுவீர்கள்.

மாவட்ட, மாநிலப் போட்டிக்குத் தயாராகும் தம்பி, தங்கைக்கு: பயிற்சிக்கும் இதே அலாய் ரிம்தான். அதில் ஓட்டி, வேகம் தேறி, ரிம் எடைதான் இனி தடை என்று பயிற்சியாளர் சொல்லும் நாளில் எடை குறைந்த இரண்டாவது ஜோடியைப் பற்றி யோசிக்கலாம். முள்ளில் தினமும் ஓட்டுவதற்குப் பந்தயச் சக்கரம் எதற்கு?

“கார்பன் போட்டா பறக்கும்பா” என்று பிள்ளை சொன்னால், திட்டாதீர்கள். டயரில் இருக்கும் எண்ணையும், ஹப்பில் இருக்கும் ஓட்டையையும் எண்ணிக்கொண்டு வரச் சொல்லுங்கள். பிரேக் எங்கே பிடிக்கிறது என்று காட்டச் சொல்லுங்கள். மூன்றுக்கும் சரியாகப் பதில் சொன்னால், பிள்ளை சைக்கிளைப் புரிந்துகொண்டுதான் கேட்கிறது. அப்புறம் இரண்டு பேரும் சேர்ந்தே கடைக்குப் போங்கள்.

அடுத்த வாரம் டயர்: முள்ளுக்கு எந்த ரப்பர், மணலுக்கு எந்தப் பட்டன்? அதுவரை கிளம்பும்முன் கம்பியை ஒருமுறை மீட்டிப் பார்த்துவிட்டு மிதியுங்கள், மக்களே!